மகேஸ்வரி கட்டிய பலகை

மகேஸ்வரிக்குப் பயம் கூடவே பிறந்தது. மாடு முட்டும் என்று பயம், கரண்டுக் கம்பி அறுந்து விழும் என்று பயம். மழை பெய்தால் சுவர் விழும், பெய்யாவிட்டால் கிணறு வற்றும். ஊரில் அவளுக்கு 'பதறு மகேசு' என்றே பெயர். இத்தனை பயத்துக்கும் தலைமைப் பயம் தண்ணீர்தான். பம்புசெட்டுத் தொட்டியில்கூட இறங்க மாட்டாள். வெளியே நின்று செம்பில் மொண்டு ஊற்றிக்கொள்வாள். இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்க் கண்மாயில் தாமரை பறிக்கிறவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளைக்குப் பூ வியாபாரம் என்று சொன்னார்களே தவிர, அந்தப் பூ எங்கே பூக்கிறது என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அது தொண்ணூற்றிரண்டாம் வருடம். கணவன் முத்துச்சாமி நல்லவன், ஆனால் எதற்கும் பதறாதவன். சேவுகம்பட்டிக்கு மேற்கே ஆலடிக் கண்மாயில் லாரி டியூபில் உட்கார்ந்து மொட்டுப் பறிப்பான். இடுப்புக்குக் கீழே முழுக்கத் தண்ணீருக்குள் தொங்கும். தாமரைத் தண்டில் சின்னச் சின்ன முள் உண்டு. வீடு திரும்பும்போது தொடையெல்லாம் பூனை பிராண்டியதுபோல் இருக்கும். பாம்பு காலைச் சுற்றிவிட்டுப் போன கதையை அவன் சிரித்துக்கொண்டே சொல்வான். அவள் அன்றைக்குச் சோறு திங்க மாட்டாள்.

இரண்டாயிரத்து இரண்டு, மூன்று, நாலு என்று வரிசையாக வானம் பொய்த்தது. கண்மாய் வறண்டது. முத்துச்சாமி வேடசந்தூர் மில்லுக்கு மூட்டை தூக்கப் போனான். ஊரே மழைக்கஞ்சி காய்ச்சி ஊற்றிக்கொண்டிருக்க, இன்னும் ஒரு வருடம் பெய்யாமல் இருக்கட்டும் தாயே என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டவள் மகேஸ்வரி ஒருத்தியாகத்தான் இருப்பாள். அந்தப் பாவத்தை அவளே ஒப்புக்கொள்வாள். அந்த மூன்று வருடம்தான் அவள் நிம்மதியாகத் தூங்கியது.

ஐந்தாம் வருடம் ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கண்மாய் நிரம்பி மறுகால் போனது, தாமரையும் வந்தது. ஆனால் இது பழைய கண்மாய் இல்லை. காய்ந்து கிடந்த வருடங்களில் உள்ளே சீமைக்கருவேலம் காடாய் மண்டியிருந்தது. செங்கல் சூளைக்காரர்கள் டிராக்டர் விட்டு மண்ணை அள்ளி அங்கங்கே கிடங்கு தோண்டியிருந்தார்கள். முள்ளும் கிடங்கும் இப்போது தண்ணீருக்கு அடியில். மேலே பார்த்தால் பச்சை இலையும் சிவப்பு மொட்டுமாக லட்சுமி படம் மாதிரி இருக்கும்.

தை மாதம் ஒருநாள் டியூபில் கருவேல முள் ஏறிவிட்டது. பாதி காற்றுப் போன டியூபைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முத்துச்சாமி கரை சேர்ந்தான். சேர்ந்தவன் பீடி பற்ற வைத்தான். மகேஸ்வரி அந்தப் பீடியைப் பிடுங்கி எறிந்தாள்.

"இனிமே அந்த டியூபத் தொட்டீங்க, நான் மனுசியா இருக்க மாட்டேன்."

"வத்தலக்குண்டுப் பக்கம் ஒருத்தன் தெர்மாகோல் பலகை மேல நின்னுக்கிட்டே பறிக்கிறான் புள்ள. காலு நனையாது. நின்னு பாத்தா மொட்டும் நல்லாத் தெரியும். அப்படி ஒண்ணு கட்டிக்கிறேன்."

"நீங்க கட்ட வேணாம். நான் கட்டுறேன்."

சொன்னால் சொன்னதுதான். மறுநாள் காலை பஸ் ஏறித் திண்டுக்கல்லுக்குப் போனாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் காதர் பீவி என்ற அம்மா பேக்கிங் சாமான் கடை வைத்திருந்தார்.

"என்னம்மா, கல்யாண மேடையா? பொண்ணு மாப்பிள்ள பேரு வெட்டித் தரணுமா?" என்றார் காதர் பீவி.

"இல்லக்கா. என் வீட்டுக்காரரு மேல ஏறி நிக்கணும்."

விஷயத்தைக் கேட்ட கடைக்கார அம்மா, "யா அல்லா" என்று சொல்லிக் குடோனையே திறந்துவிட்டார். மகேஸ்வரி ஒவ்வொரு தெர்மாகோல் அட்டையாக நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். சில அட்டையில் மணி மணியாய் உதிர்ந்தது. அது தண்ணீர் குடிக்கும். சிலது அழுத்தினால் கல்லாய் இருந்தது, அதுதான் வேண்டும். வாளியில் தண்ணீர் வாங்கி, ஒரு அட்டைத் துண்டை முக்கி அதன் மேல் எடைக்கல்லை வைத்துவிட்டு மத்தியானம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்து, "இது போதும்க்கா" என்றாள். நகை வாங்கப் போனவள்கூட இத்தனை உரசிப் பார்த்திருக்க மாட்டாள்.

முதலில் கட்டிய பலகை தப்பாகப் போனது. தடிமன் இருந்தால் மிதக்கும் என்று நினைத்து அட்டையை அடுக்கிக்கொண்டே போனாள். அகலம் ஒன்றரை அடிதான் வைத்தாள். முத்துச்சாமி ஏறி நின்றான், அடுத்த நொடி தலைகீழாகச் சேற்றில் இருந்தான். நல்லவேளை, முழங்கால் தண்ணீர். அந்தப் பலகை கரையில் பூக்கட்டு வைக்கிற மேசையாகிவிட்டது. இரண்டாவதை இரண்டரை அடி அகலம், ஆறடி நீளம், முக்கால் சாண் கனம் என்று கட்டினாள். உரச்சாக்கைப் பிரித்து மேலே சுற்றித் தைத்து, கால் வழுக்காமல் இருக்கச் சணல் சாக்கு ஒட்டினாள். இது நகர மறுத்தாலும் கவிழ மறுத்தது. அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அடுத்து கோல். அவன் நின்று கையை மேலே தூக்கினால் உள்ளங்கை எட்டுகிற உயரத்துக்கு மூங்கில் வெட்டினாள். ஒரு நுனியில், சேற்றில் புதையாமல் இருக்கக் கவட்டை. மறு நுனியில், நிலை கொள்ளாத இடத்தில் தண்ணீரைத் தள்ளத் தட்டைப் பலகை. அப்புறம் விழுந்தால் மிதக்க, அஞ்சு லிட்டர் காலி எண்ணெய்க் கேன் இரண்டு: ஒன்று நெஞ்சுக்கு, ஒன்று முதுகுக்கு.

"ஏன்டி, கெரசின் வாங்கப் போறேன்னு ஊருல சிரிக்கிறாய்ங்க."

"சிரிக்கட்டும். அழுகாம இருந்தாச் சரி."

கடைசியாகக் கயிறு. விழுந்தால் பலகை விலகிப் போய்விடக் கூடாது என்று காலுக்கும் பலகைக்கும் ஒரு கயிறு கட்ட வேண்டும் என்பதை அவளாகவே யோசித்துக் கண்டுபிடித்தாள். அதில் கெட்டிக்காரிதான். நைலான் கயிறு கணுக்காலை அறுக்கும் என்று மெத்தென்ற நூல் கயிறு எடுத்தாள். தினமும் காலையில் அவன் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து அவளே கட்டுவாள். ஒரு முடிச்சுப் போட்டால் மனசு ஆறவில்லை, இரண்டு போட்டால் சகுனம் சரியில்லை. மூன்று முடிச்சுப் போட்டாள்.

"கழுத்துல நீங்க போட்டது மூணு. பதினாலு வருசமாச்சு, அவுந்துச்சா?" என்பாள்.

ஊமைக் குசும்பனான முத்துச்சாமி, "அதான் தப்பிக்க முடியல" என்பான். கூட உட்கார்ந்து மொட்டுக் கட்டுகிற ராமுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். தாலிக்குப் போடுகிற முடிச்சு அவிழாமல் இருப்பதற்குப் போடுவது என்பது ஒருவருக்கும் அப்போது உறைக்கவில்லை.

மாசியிலிருந்து ஆனி வரை நன்றாகவே போனது. ஆடி வந்தது. ஆடி வெள்ளிக்குத் தாமரைக்கு அடிபிடி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்; அம்மிக்கே அந்தக் கதி என்றால் தெர்மாகோலுக்கு என்ன சொல்வது? அன்று காலை எட்டரை மணி இருக்கும். முத்துச்சாமி தாமரைக்கு நடுவே நல்ல தூரம் போய்விட்டான். குனிந்து பறித்ததால் தலைப்பாகை மட்டும் இலைக்கு மேலே தெரிந்தது. மகேஸ்வரி காம்பு நறுக்கிக்கொண்டு, இருபது எண்ணுவதற்குள் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்ப்பாள். அது அவள் வழக்கம். பதினெட்டு எண்ணும்போது காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. நிமிர்ந்தாள். தலைப்பாகை இல்லை.

"ஏங்க!"

கரை மேட்டில் ஏறிப் பார்த்தாள். இலை இடுக்கில் பலகை மட்டும் தனியாகக் காற்றில் அலைந்து, பிறகு வெடுக்கென்று நின்றது. எதிலோ கட்டிப் போட்டதுபோல் நின்றது. பலகை கட்டியிருந்தது அவன் காலில் அல்லவா?

நடந்தது இதுதான். அவன் விழுந்த இடம் சூளைக்காரர்கள் தோண்டிய கிடங்கின் விளிம்பு. கயிறு அடியில் கருவேல மரத்தைச் சுற்றிக்கொண்டது. காற்று பலகையை ஒரு பக்கம் இழுக்க, பலகை அவன் காலை இழுத்தது. கேன் இரண்டும் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தன. ஆனால் விழுந்த வேகத்தில் முதுகுக் கேனின் மூடி விண்டுபோய் உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கையிலிருந்த மொட்டு அறுக்கும் அரிவாள் கிடங்குக்குள் போய்விட்டது. நனைந்த நூல் கயிறு உப்பி, மூன்று முடிச்சும் ஒரே கல்லாக இறுகிவிட்டது.

"ராமுத்தாயி, ஓடு! ஆளுகளக் கூப்பிடு!" என்று மகேஸ்வரி கத்தினாள். ராமுத்தாய் பருத்திக்காட்டுப் பக்கம் ஓடினாள். ஆட்கள் இருந்தது முக்கால் மைல் தள்ளி. ஓடிப் போய், சொல்லி, ஓடி வந்து... மகேஸ்வரி அதற்குமேல் கணக்குப் போடவில்லை.

பூக்கட்டை எல்லாம் தள்ளிவிட்டு அந்த ஒன்றரை அடிப் பலகையை இழுத்தாள். காம்பு நறுக்கும் கத்தியை வாயில் கவ்வினாள். தண்ணீர் முழங்காலைத் தொட்டபோது சேலைக்குள்ளேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். அதை அவள் வெட்கப்படாமல் சொல்வாள். பலகையில் குப்புறப் படுத்து, தாமரைத் தண்டைக் கொத்தாகப் பிடித்து இழுத்து இழுத்துப் போனாள். முள் கையைக் கிழித்தது. மாரியம்மனை, அந்தோணியாரை, நாகூர் ஆண்டவரை, தெரிந்த சாமியை எல்லாம் கத்தியைக் கவ்விய வாயால் கூப்பிட்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் திக்குத் தெரியவில்லை. தாமரை இலை தண்ணீருக்கு மேலே இடுப்பு உயரம் நிற்கும். படுத்திருப்பவளுக்கு எந்தப் பக்கமும் பச்சைச் சுவர்தான். அவன் எங்கே என்று பார்க்க வேண்டுமானால் எழுந்து நிற்க வேண்டும். எந்தப் பலகை முத்துச்சாமியையே ஒரு நொடிகூடத் தாங்கவில்லையோ, அதன் மேல் நிற்க வேண்டும்.

முட்டி போட்டாள். பலகை ஆடியது. ஒரு காலை ஊன்றினாள். அடியில் எத்தனை ஆழம் என்று தெரியாத கறுப்புத் தண்ணீர் விளிம்பு தாண்டி உள்ளே வந்தது. சத்தம் போட்டு அழுதுகொண்டே மற்றக் காலையும் ஊன்றி நின்றாள். நாலு மூச்சு நேரம் நின்றிருப்பாள். வலப்பக்கம், இருபது முழத்தில், ஒரு முகமும் ஒரு கையும் தெரிந்தன. வாய் வரை தண்ணீர். கை ஆடியது. பலகை கவிழ்வதற்குள் தொப்பென்று படுத்துக்கொண்டாள்.

அவனை எட்டிப் பிடித்தபோது அவன் மூக்கைத் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். கயிறு விறைப்பாக இருந்தது. அவள் முடிச்சைத் தொடவே இல்லை. பலகைப் பக்கம் ஒரே அறுப்பு. பலகை காற்றோடு போக, அவன் கால் தளர்ந்து மேலே வந்தது. இரண்டு பேரும் அந்த ஒன்றரை அடிப் பலகையின் ஆளுக்கொரு பக்கம் தொங்கிக்கொண்டு, தாமரைத் தண்டைப் பிடித்துக் கரை வந்து சேர்ந்தார்கள். ஆட்கள் அப்போதுதான் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். மகேஸ்வரி முதலில் அவனை அறைந்தாள். பிறகு அவன் காலைக் கட்டிக்கொண்டு, "நான் கட்டுன கயிறுதான்யா, நான் கட்டுன கயிறுதான்" என்று ஊளையிட்டாள். அவளை வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? பதறு மகேசுக்கு எங்கிருந்து வந்தது தைரியம் என்று தெருவெல்லாம் பேச்சு. கேட்டவர்களிடம் அவள் ஒரே பதில்தான் சொன்னாள்: "வா வான்னு கையக் காட்டுனாரு. புருசன் கூப்பிட்டாப் போகாம இருக்க முடியுமா?" கிழவிகளுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் இருவரும் வாசலில் உட்கார்ந்து புதுப் பலகைக்குச் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை கயிற்றுக்குப் பதிலாக, ஒரே இழுப்பில் பிரிகிற மாதிரி லோடுமேன் போடுகிற இடுப்புப் பட்டை. அவன் ஊசியைக் கீழே வைத்தான்.

"மகேசு. நெசத்தச் சொல்லு. நான் வான்னா கையக் காட்டுனேன்?"

அவள் நூலைக் கடித்து அறுத்தாள்.

"போன்னு காட்டுனீங்க."

"அம்புட்டுத் தெளிவாத் தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு. வராத, திரும்பிப் போயிருன்னு விரட்டுனீங்க."

"தெரிஞ்சுமா வந்த? அம்புட்டுப் பயத்துல?"

அவள் கையில் முள் கிழித்த காயம் இன்னும் ஆறவில்லை.

"கரையில நிக்கத்தாங்க பயமா இருந்துச்சு," என்றாள்.