விலாவில் தொங்கிய பை

அக்கா வீட்டுக்காரருக்குக் கண் மஞ்சளானபோது, மாமாவுக்கு மறுபடியும் மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது, நலங்கு வைக்கலாம் என்று முதலில் கிண்டல் செய்தவன் நான்தான். கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் வேன் ஓட்டினார் அவர். எட்டாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்ட நான் அதே வேனில் கூவி ஆள் ஏற்றுவேன். அவரைச் சீண்டாமல் ஒரு நடை போனதில்லை.

சாதாரணக் காமாலைதான் என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். உப்பில்லாத சோறு. மஞ்சள் ஏறிக்கொண்டேதான் போனது. அரிப்பு தாங்காமல் தேங்காய் நாரால் முதுகைத் தேய்க்கச் சொல்வார்.

பிறகுதான் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பித்தம் இறங்கும் குழாயைப் புற்றுக்கட்டி அடைத்திருந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி குத்தி, ஈரலுக்குள் மெல்லிய டியூப் விட்டு, வெளியே ஒரு பையை மாட்டினார்கள். டாக்டர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டார். பித்தம் வெளியேற வழி செய்திருக்கிறோம், அரிப்பு அடங்கும், சாப்பிடுவார். ஆனால் கட்டி முற்றிவிட்டது, எடுக்க முடியாது என்றார். அக்காவிடம் நான் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

வீட்டில் அந்தப் பை தினமும் கரும்பச்சையாக நிறையும். கொட்டுவது என் வேலை. மெல்ல மெல்ல மாமாவின் கண் வெளுத்தது. சொறியாமல் தூங்கினார். அக்கா பௌர்ணமிக்கு மலை சுற்றுவதாக வேண்டிக்கொண்டாள். எப்போது வேன் எடுக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டு வரச் சொன்னாள்.

ஒரு மத்தியானம் அக்கா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். பையைக் காலி செய்ய உட்கார்ந்த என் கையை மாமா பிடித்துக்கொண்டார்.

"மச்சான், ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுக்கப்புறம் நீ என்ன ஒரு வார்த்தகூட கிண்டல் பண்ணல."

"ஒடம்பு சரியில்லாத ஆளப் போயி..."

"மஞ்சளா கெடந்தப்ப மட்டும் நல்லாவா இருந்தேன்? டாக்டர் இன்னா சொல்லியிருப்பாருன்னு புரிஞ்சுபோச்சு, உடு."

அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

"அப்ப அவ எதிர்ல பழையபடி பேசுடா. நீ இப்டி நல்லவனா இருந்தா அவளும் கண்டுபுடிச்சிடுவா."

அதற்குள் அக்கா குடத்தோடு உள்ளே வந்துவிட்டாள். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மாமா என் கையை அழுத்தினார்.

"அக்கா, வேனுக்கு இனிமே டீசல் வாங்க வேணாம். மாமாவே தினம் ஒரு பை கறக்குறாரு."

அக்கா என் முதுகில் ஓர் அறை விட்டு, வாயைக் கழுவச் சொன்னாள். சொல்லும்போதே சிரித்துவிட்டாள். மாமாவும் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவர் இருந்தவரை, காலையில் எழுந்ததும் அன்றைக்கு என்ன கிண்டல் செய்வது என்று யோசிப்பேன். சில நாள் ஒன்றுமே தோன்றாது. அக்கா அடுப்படியில் இருக்கும்போது, மாமாவே ஒன்றை என் காதில் சொல்லிக்கொடுப்பார்.