நண்டுக் கறிக்கு ஏற்ற திராட்சை

மதுவைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று மெல்பர்னில் ஒரு நண்பனிடம் சொல்லிவிட்டேன். நான் படித்திருந்தது ஒரே ஒரு புத்தகம். அதுவும் வரும் வழியில், விமானத்தில். குடித்தது ஒரு சொட்டும் இல்லை. மதுவிலக்கு அமலில் இருக்கும் சென்னையில் நாற்பத்தெட்டு வயது வரை எனக்கு வாய்ப்பும் வரவில்லை, துணிச்சலும் வரவில்லை.

நண்பன் சிவநாதன் யாழ்ப்பாணத்துக்காரன். சென்னையில் என்னோடு எஞ்சினியரிங் படித்தவன். இங்கே ஓர் அலுவலகத்தில் ஆறு மாதமாகத் தற்காலிக வேலை. அதை நிரந்தரமாக்க வேண்டிய மேலதிகாரி ஹாரிஸ் ஞாயிறு மதியம் சாப்பிட வருகிறார். நிரந்தரமாகாவிட்டால் சிவாவும் மனைவி யோகமும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். நண்டுக் கறிதான் என்று யோகம் முடிவு செய்துவிட்டாள். அதற்கேற்ற மதுவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நிபுணனாகிய என் தலையில் விழுந்தது.

1978 மார்ச், சனிக்கிழமை காலை எட்டரை. சிவா குடியிருக்கும் கிளேட்டனிலிருந்து அவனுடைய பழைய ஹோல்டன் காரில் கிளம்பினோம். மார்னிங்டன் தீபகற்பத்தில் உள்ள ரெட் ஹில் சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர். ஃபிராங்ஸ்டன் வந்ததும் வலது பக்கம் கடல் சேர்ந்துகொண்டது. டிரொமானாவில் சாலை கடலை விட்டுவிட்டு மேட்டில் ஏறியது.

பத்து மணிக்கு, மது தயாரித்து விற்கும் திராட்சைத் தோட்டத்தை அடைந்தோம். உரிமையாளர் மார்கரெட்டுக்கு அறுபது வயது இருக்கும். ஆப்பிள் மரங்களில் பாதியைப் பிடுங்கிவிட்டுத் திராட்சை நட்டவர். கடற்காற்றில் பழம் நிதானமாகப் பழுப்பதால் புளிப்பு குறையாமல் நிற்கும் என்று விளக்கினார். கேபர்னே என்ற சிவப்பு, ஷார்டனே, ரீஸ்லிங் என்ற வெள்ளைகள் இரண்டு. மூன்று புட்டிகளைப் பீப்பாய் மேல் வைத்தார்.

கிளாஸ் ஒன்றுதான் இருந்தது. கேபர்னேயை ஊற்றி என்னிடம் நீட்டினார். மிச்சத்தை சிவாவுக்குத் தர வேண்டும். எச்சில் படக் கூடாதே என்று, யோசிக்காமலே அண்ணாந்து, கிளாஸை ஒரு சாண் உயரத்தில் பிடித்து ஊற்றிக்கொண்டேன். பெரும்பகுதி நேரே தொண்டைக்குள் இறங்கியது. கொஞ்சம் சட்டைப் பைக்குள். "நல்ல வாசனை" என்று ஆங்கிலத்தில் தீர்ப்புச் சொன்னேன். சிவாவும் அப்படியே அண்ணாந்தான்.

உங்கள் ஊரில் செடிக்குத் தண்ணீர் விடுவதும் இப்படித்தானா என்று மார்கரெட் கேட்டார். மூக்கருகே போகாத மதுவின் வாசனை எனக்கு எப்படித் தெரிந்தது என்றும் கேட்டார். பதில் புத்தகத்தில் இல்லை.

"மூக்குப்பேணி கொண்டந்திருக்கலாம்" என்றான் சிவா. வாய் படாமல் குடிக்க அவர்கள் ஊரில் வைத்திருக்கும் மூக்கு வைத்த பாத்திரம் அது. பிறகு குரலைத் தாழ்த்தினான். "மச்சான், உண்மையைச் சொல்லு. உனக்கு இதைப் பற்றி ஏதும் தெரியுமே?"

"தெரியாதுடா."

"அப்ப நாளைக்கு என்ர வேலை?"

அவன் முகத்தைப் பார்த்தே மார்கரெட் ஏதோ புரிந்துகொண்டார். என்ன சாப்பாட்டுக்கு மது வேண்டும் என்றார். சிவா காரிலிருந்து டிபன் கேரியரை எடுத்து வந்தான். யோகம் ஒத்திகையாக வைத்த நண்டுக் கறியும் பிட்டும் அதில் இருந்தன. மார்கரெட் உள்ளே போய் இன்னும் இரண்டு கிளாஸ்கள் கொண்டுவந்தார். இந்த முறை முகர்ந்து, உதடு பட்டுக் குடித்தோம்.

கேபர்னேயின் துவர்ப்பு மிளகாயோடு சேர்ந்ததும் வாய் பற்றி எரிந்தது. ஷார்டனேயின் மரப்பீப்பாய் வாசனையில் நண்டு காணாமல் போனது. ரீஸ்லிங்கில் லேசான இனிப்பு. எலுமிச்சம்பழம் பிழிந்ததுபோல் காரத்தைத் தணித்து, அடுத்த வாய்க்கு அழைத்தது. கண்ணில் நீர் வழிய, நண்டின் கால் ஒன்றை ஓடு வரை உறிஞ்சிவிட்டு, இதுதான் என்றார் மார்கரெட். புட்டி நான்கு டாலர்; இரண்டு வாங்கினோம்.

திரும்பும்போது சிவா வாடகை வீட்டை விட்டுச் சொந்தமாக ஒன்று பார்ப்பதைப் பற்றிப் பேசினான். தமிழ்நாட்டிலும் கம்பம் பக்கம் திராட்சை விளைகிறது. கொட்டையைத் துப்புவதோடு எங்கள் ஆராய்ச்சி முடிந்துவிடும்.

ஞாயிறன்று ஹாரிஸ் கையால் நான்கு நண்டு சாப்பிட்டார். ரீஸ்லிங்கில் ஒரு புட்டியை ஏறக்குறைய தனியாகவே முடித்தார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிரவு யோகமும் சிவாவும் சரியாகத் தூங்கவில்லை.

திங்கள் மாலை என்னை வழியனுப்ப விமான நிலையத்துக்கு வந்த சிவாவின் கையில் நிரந்தரக் கடிதம் இருந்தது. எனக்குக் கண் கலங்கியது. எல்லாம் ரீஸ்லிங்கின் வேலை என்று அடக்கமாகச் சொன்னேன்.

"இல்லை மச்சான்" என்றான் சிவா. "கடிதத்தில போன வியாழக்கிழமைத் திகதி போட்டிருக்கு. ஹாரிஸிட்டயே கேட்டனான். அவற்ற மனுசி தாய் வீட்டுக்குப் போயிட்டாவாம். சமைக்க ஆளில்லையெண்டுதான் சாப்பிட வந்தவராம்."