முதலில் கிடந்த செருப்பு

மக்களே, நேற்று நீ செருகிவைத்த நம் வீட்டுச் சார்ஜர் கருகிய நாற்றத்தில், சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஊரில் இருந்த கணினி மையம் மறுபடி என் கண்முன் எரிந்தது. வந்த முறைப்படி வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகள்தாம் அங்கே வரிசை. என்னை விடுதிப் பள்ளியில் சேர்க்க விண்ணப்பிக்கும் கடைசி நாளன்று, நாற்று நடும் என் அம்மாவின் செருப்பு முதலில் கிடக்க, பிந்தி வந்த மேலத்தெரு நிலக்காரர் அதை வாய்க்காலுக்குள் எத்தினார்.

"ஏட்டி, என் செருப்புக்கு முன்னால ஒஞ் செருப்பா?"

"முந்தி வந்தது நான்லா!" என்ற அம்மா, உள்ளே போய்க் கணினி முன் உட்கார்ந்து, பதிவு முடியும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை.

ஒப்புகைச் சீட்டு அவள் கைக்கு வந்த நேரம், அவர் கூட்டிவந்த ஆட்கள் அரிவாளால் கணினித் திரையைப் பிளந்து, அம்மாவின் நெற்றியையும் வெட்டி, மையத்துக்குத் தீ வைத்தார்கள். பிறகு அது திறக்கவே இல்லை. புகைக்குள்ளிருந்து வெறுங்காலோடு வந்த அம்மா, ரத்தம் நனைத்த அந்தச் சீட்டை என்னிடம் நீட்டி, "பதிஞ்சாச்சு லே. பையப் பையப் பிடி, கிழிஞ்சிரும்" என்றாள்.