சோற்றுப் பானையில் வெந்த மருந்து

1. தண்ணீர் வழக்கு

"என்ன டாக்டர், தண்ணிக்கு லேபல் ஒட்டிக் குடுக்குறீங்களா?"

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருடம் அது. மலாக்கா காஜா பெராங்கில் ஒரு தனியார் கிளினிக்கில் டிஸ்பென்சராக நான் சேர்ந்த புதிதில், நோயாளிகள் நிறைந்திருந்த முன்கூடத்தில் இந்தக் குரல் எழுந்தது. குரலுக்குச் சொந்தக்காரர் கம்போங் செட்டி கிராமத்தைச் சேர்ந்த மீனாச்சி அம்மாள். கையில் காலி பாட்டில், கெபாயா மேல்சட்டையில் மூன்று புரோச், நெற்றியில் விபூதி. அவர் பேசியது மலாய். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டிகளின் வீட்டு மொழி அதுதான்; சாமி பெயரும் சடங்குப் பெயரும் மட்டும் தமிழில் வரும். நான் அவர் பேச்சைத் தமிழில் எழுதுகிறேன். சில சொற்களை மாற்றினால் ருசி போய்விடும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன்.

அந்தக் காலத்தில் மருந்து பெட்டியில் அடைத்து வராது. டாக்டர் சீட்டு எழுதுவார். டிஸ்பென்சர் அளந்து, கலந்து, குலுக்கி, 'மிக்சர்' என்று பாட்டிலில் ஊற்றிக் கொடுக்க வேண்டும். அந்த வேலைக்கு இருபத்திரண்டு வயதுப் பெண் வந்து உட்கார்ந்ததே ஊருக்குச் செரிக்கவில்லை. நர்சாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிளினிக்கில் வெள்ளைப் புடவை கட்டியவள் 'மிஸ்ஸி'தான்.

"முன்ன ஆம்பள டிஸ்பென்சர் இருந்தாரு. அவர் மருந்து தொண்டையில இறங்கும்போதே வேலை செய்யும். இந்த மிஸ்ஸி குடுக்குற உபாட் ஒரு குணாவும் இல்ல!"

உபாட் என்றால் மருந்து. மற்றதை அவர் முகமே சொல்லியது.

அவர் கணவர் ராஜகோபால் சர்வே ஆபீஸ் கிளார்க். நீண்ட காய்ச்சலில் படுத்து எழுந்தவர். இரண்டு வாய் மீன் தின்றால் வயிறு கல்லாகிவிடும். கஞ்சியிலேயே காலம் தள்ளினார். வயிற்றில் புளிப்பு நீர் குறைந்துவிட்டது என்று டாக்டர் ஆறுமுகம் பெப்சின் மிக்சர் எழுதியிருந்தார். அதைக் கலந்தது நான்.

இரண்டாவது பாட்டிலும் போயிற்று. முன்பைவிட உரத்த குரலில் மீனாச்சி அம்மாள் திரும்பி வந்தார். அதற்குள் வேறு சிலரும், "டாக்டரே கலந்து தந்தா நல்லா இருக்கும்" என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"கமலம், பெப்சின் சரியாத்தான் போட்டியா?"

"போட்டேன் டாக்டர். வேணும்னா அடுத்த பாட்டில நீங்களே கலந்து பாருங்க."

"நானே கலக்குறதுன்னா நீ எதுக்கும்மா?" அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "மூணாவது பாட்டிலும் இதே கதைன்னா நான் வேற ஆள் பாக்கணும். ஊர் வாயை என்னால மூட முடியாது."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அளவில் ஒரு குறையும் வைக்காதவள் நான். வெயிலில் பெப்சின் கெட்டுப்போகும் என்று அந்தப் பாட்டிலை மட்டும் கிளினிக்கின் மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜில் வைத்து, ஜில்லென்றல்லவா கொடுத்து அனுப்பினேன்!

2. மருமகள்

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்றாவது பாட்டிலை நானே எடுத்துக்கொண்டு கம்போங் செட்டிக்குப் போனேன். சண்டை போடுவதென்றால் அவர் வாசலிலேயே போட்டுவிடலாம் என்ற எண்ணம்தான்.

மீனாச்சி அம்மாள் என்னைக் கண்டதும் புருவத்தை உயர்த்தினார். ஆனாலும் "மாசுக், மாசுக்" என்று உள்ளே அழைத்து, அடுக்களையில் ஒரு மணையைப் போட்டார். வாயில் எவ்வளவு காரமோ, விருந்தாளியை நிற்க வைக்காத மனுஷி. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நான் கொடுத்த பாட்டிலை வாங்கியவர் சட்டென்று கையை உதறினார்.

"பார், செஜுக்! ஐஸ் மாதிரி இருக்கு. வயித்துல காத்து நிக்குற மனுஷனுக்கு இப்படிக் குளிர்ந்த மருந்தையா குடுப்பாங்க?"

சொல்லிக்கொண்டே கார்க்கைத் திறந்தார். சோற்றுப் பானையின் மூடியை எடுத்தார். கொதிக்கும் சோற்றின் நடுவே பாட்டிலைக் கழுத்துவரை புதைத்து நட்டார்.

நான் மணையிலிருந்து எழுந்துவிட்டேன்.

"என்ன செய்றீங்க!"

"சூடு பண்றேன். சோறு வடிச்சு முடியுறப்ப மருந்தும் பதமா இருக்கும். மொத நாளே இப்படி வச்சிட்டா அப்புறம் குளிராது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகம் சிவந்தது. நல்லவேளை, பானையில் நட்டது பெரிய பாட்டிலைத்தான். வழியில் உடைந்தால் ஆகாதே என்று சின்னப் பாட்டில் ஒன்றில் அதே மிக்சரைக் கொஞ்சம் பையில் எடுத்து வந்திருந்தேன். அது இன்னும் சூடு காணாதது.

"அம்மா, இந்த மருந்துல இருக்கிறது வேலை செய்யுற சரக்கு. கொதிக்க வச்சா செத்துடும்."

"மருந்துல பூச்சியா இருக்கு, சாகுறதுக்கு?"

எப்படிச் சொல்வது? என்சைம் என்ற சொல்லை மலாயில் சொல்ல எனக்குத் தெரியாது. நொதி என்ற சொல் தமிழிலேயே எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். வாய்க்கு வந்தபடி சொன்னேன்.

"நாம தின்கிற சோறும் மீனும் பெரிய பெரிய கட்டி. அப்படியே ரத்தத்துல கலக்காது. அதை நறுக்கிப் பொடியாக்க உடம்புக்குள்ள ஆள் இருக்கு. வெறும் சோத்தை வாயில போட்டு நல்லா மெல்லுங்க, கொஞ்ச நேரத்துல இனிக்கும். எச்சில்ல இருக்கிற ஆள் மாவைச் சக்கரையா ஆக்குறதால அப்படி. மீனையும் கறியையும் முதல்ல பிடிக்கிறது வயித்துல இருக்கிற ஆள், அதுதான் பெப்சின். கொழுப்புக்குக் குடல்ல வேற ஆள். ஒருத்தர் வேலையை ஒருத்தர் செய்ய மாட்டாங்க. மாமாவுக்கு அந்த வயித்து ஆள் குறைஞ்சுபோச்சு. நாங்க பாட்டில்ல அனுப்புறோம்."

அவர் ஒரு பருக்கைச் சோற்றை ஊதி வாயில் போட்டு மென்றார். பிறகு ஒரு கை அள்ளிப் போட்டு, கண்ணை மூடி, வெகுநேரம் மென்றார். தலை மெல்ல ஆடியது.

"சரி, இனிக்குது. இந்த ஆளுங்க என்ன சாப்பிடுவாங்க?"

"ஒன்னும் சாப்பிட மாட்டாங்க. ஒரு துண்டை நறுக்கிட்டு அடுத்ததுக்குப் போயிடுவாங்க. நறுக்குறதால அவங்க தேயுறதும் இல்ல."

"எல்லாத்தையும் நறுக்கிக் குடுத்துட்டு, தான் ஒன்னும் சாப்பிடாம அடுத்த வேலைக்குப் போகுதா?" மீனாச்சி அம்மாள் இடுப்பில் கை வைத்தார். "மச்சாம் மெனந்து! நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசுல அப்படித்தான் இருந்தேன்."

மச்சாம் என்றால் மாதிரி, மெனந்து என்றால் மருமகள். இத்தனை வருடங்களில் எத்தனையோ டாக்டர்கள் என்சைமுக்கு விளக்கம் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்கு மேல் ஒன்றைக் கேட்டதில்லை.

3. கோழி சொன்ன தீர்ப்பு

ஆனால் அவர் லேசில் விடுகிற ஆள் இல்லை. "செத்துடும்னு நீ சொல்ற. சாகலைன்னு நான் சொல்றேன். எப்படித் தெரியும்?"

பயிற்சிக் காலத்தில் நாங்கள் செய்த சோதனை ஒன்று நினைவுக்கு வந்தது. அவித்த முட்டையின் வெள்ளைக்கருவைப் பொடிப்பொடியாக நறுக்கி இரண்டு குப்பிகளில் போட்டேன். ஒன்றில் சோற்றுப் பானையில் வெந்த மருந்தை ஆற விட்டு ஊற்றினேன். மற்றதில் என் பையில் இருந்த பச்சை மருந்து. வெந்ததன் கழுத்தில் கறுப்பு நூல், பச்சையானதில் சிவப்பு நூல்.

"இப்ப ரெண்டையும் மனுஷன் வயித்துச் சூட்டுல வைக்கணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது." அடுப்போரம் வைத்தால் வெந்துவிடும், வெளியே வைத்தால் ஆறிவிடும். நான் முழித்துக்கொண்டு நின்றேன்.

"அதுக்கு ஏன் சூசா, இவ்வளவு கஷ்டம்?" என்றார் மீனாச்சி அம்மாள். மூலையில் கூடைக்குள் அடைகாத்துக்கொண்டிருந்த கோழியைக் காட்டினார்.

குப்பிகளை நான்தான் உள்ளே தள்ளினேன். கோழி என் கையைக் கொத்தித் தன் மறுப்பைத் தெரிவித்தது. பிறகு, வந்ததும் முட்டைதான் என்று நினைத்தோ என்னவோ, சிறகை அகட்டி அணைத்துக்கொண்டது.

மத்தியானம்வரை காத்திருந்தோம். அவர் மிளகாய்ச் சம்பால் அரைத்தார், நான் வெங்காயம் உரித்தேன். ராஜகோபால் மாமா கதவோரம் நாற்காலியைப் போட்டு, தன் வயிற்றின் வழக்கு கோழியிடம் போயிருக்கிறதே என்ற கவலையோடு கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்க மாட்டாமல் என்னிடம் சொன்னார்.

"மிஸ்ஸி, போகி அன்னிக்கு எங்க வீட்டுல பார்ச்சு. செத்துப்போன பெரியவங்களுக்கு இலை போட்டுப் படைப்போம். அப்புறம் அந்தச் சாப்பாட்டைக் குடும்பமே உட்கார்ந்து சாப்பிடும். வீட்டுக்குப் பெரியவன் நான். கஞ்சிக் கிண்ணத்தோட உட்கார்ந்தா எப்படி இருக்கும்?"

அதுவரை என் வேலையை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு இரண்டு பேருக்காக அந்தக் கோழியை வேண்டிக்கொண்டேன்.

சாப்பாட்டு நேரம் தாண்டியதும் குப்பிகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தோம். கறுப்பு நூல் குப்பியில் முட்டைத் துண்டுகள் போட்டபடியே கிடந்தன, ஓரம்கூடக் கூர் மழுங்கவில்லை. சிவப்பு நூல் குப்பியில் துண்டுகள் கரைந்து சிறுத்து, வெள்ளை மங்கிக் கண்ணாடிபோலாகி, சில இருந்த இடமே தெரியவில்லை.

மீனாச்சி அம்மாள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"மூணு பாட்டில் மருமகளுங்களை நானே வேக வச்சுட்டேன்" என்றார். பிறகு நிமிர்ந்து, "முதல்லயே சொல்லக் கூடாதா? லேபல்ல இங்கிலீஷ்ல குலுக்கச் சொல்லித்தானே எழுதியிருக்கு!"

அவர் சொன்னதும் நியாயம்தான்.

மறுநாள் காலை முன்கூடத்தில் கூட்டம் நிறைந்த பிறகு, வேண்டுமென்றே நேரம் பார்த்துத்தான் வந்தார். கையில் இரண்டு குப்பிகள். அவற்றை மேசைமேல் வைத்து, வந்தவர் போனவர்க்கெல்லாம் கோழிக் கதையைச் சொன்னார். திட்டியதைவிட இரண்டு பங்கு உரத்த குரலில். டாக்டர் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, குப்பிகளைத் தூக்கிப் பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க காலேஜ்லகூடக் கோழி இல்லம்மா" என்றார். வேறு ஆள் பார்க்கும் பேச்சு அதோடு நின்றது. நான் அங்கே முப்பது வருடம் இருந்தேன்.

அன்று முதல் எந்த மருந்தைக் கொடுத்தாலும், "வீட்டுக்குப் போய் இதை என்ன செய்வீங்க?" என்று கேட்காமல் பாட்டிலைக் கையில் கொடுத்ததில்லை. கேட்டுப் பாருங்கள், தலை சுற்றும். கோப்பியில் கலப்பேன் என்பார் ஒருவர். பிள்ளைக்குப் பாதி, எனக்குப் பாதி என்பார் இன்னொருவர். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, மருந்து நம் கவுண்டரில் முடிவதில்லை. அது யார் வீட்டு அடுப்பங்கரைக்குப் போகிறதோ, அதுவரை நாமும் போக வேண்டும்.

அடுத்த பாட்டிலிலிருந்து பச்சையாகவே குடித்த மருந்து மெல்ல மெல்ல வேலை செய்தது. போகி அன்று சாயங்காலம் எனக்கு ஆள் வந்தது. படையல் முடிந்து கதவைத் திறந்திருந்தார்கள். ராஜகோபால் மாமா இலை முன்னால் சம்மணம் போட்டு, மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாயில் சோறு இருந்ததால் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

மீனாச்சி அம்மாள் எனக்கும் ஓர் இலையைப் போட்டார். சோறு, மீன், கோழி, மறுபடியும் சோறு. போதும் என்று கையை நீட்டி மறைத்தேன். கையைத் தட்டிவிட்டுப் பரிமாறினார்.

"மாக்கான், மிஸ்ஸி, சாப்பிடு. உள்ள மெனந்து சும்மா உட்கார்ந்திருக்கு. வேலை குடு!"