எஞ்சின் உறங்கும்போது பார்த்த ஆயில்

ஓமானில் என் இடது காலுக்கு வேலை கிடையாது. ஆட்டுத்தீவனம் ஏற்றும் என் பழைய பிக்கப் ஆட்டோமேட்டிக், கிளட்ச் இல்லை. வந்த புதிதில் அந்தக் கால் பழக்கதோஷத்தில் பிரேக்கை மிதித்து, மூட்டைகளையும் என் பல்லையும் ஒருசேர ஆட்டிவைக்கும். பிறகு சும்மா இருக்கப் பழகிவிட்டது. என் உடம்பில் முதலில் வளைகுடாக்காரன் ஆனது அதுதான்.

மற்றதெல்லாம் கேரள எல்லையோரத்தில் என் ஊரான பாறசாலையிலேயே நின்றுவிட்டது. ஊரில் இருக்கும் உங்களில் சிலர், குன்னத்துகாலுக்கு நான் ஓட்டிய ஜீப்பில் தொங்கிக்கொண்டு வந்திருப்பீர்கள். காலையில் எஞ்சின் சூடேறுமுன் அளவுக்கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு ஆயில் பார்ப்பேன். அந்தப் பக்தியை இங்கேயும் கொண்டுவந்தேன். இந்த வண்டியில் கம்பி இரண்டு: எஞ்சினுக்கு ஒன்று, கியர்பெட்டிக்கு ஒன்று. இரண்டையும் ஸ்டார்ட் செய்யாமலே பார்ப்பேன். கொஞ்ச நாளாக இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாறும்போது வண்டி திணறியது. கியர் ஆயில்தான் கோடு வரை நிற்கிறதே, இது கிழட்டு வண்டியின் முனகல் என்று விட்டுவிட்டேன்.

ஒரு மதியம் என் அறைத்தோழன் ஜஸ்டின், பூவார்க்காரன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். ஆஸ்பத்திரி மலைக்கு அப்பால். அவனை ஏற்றிக்கொண்டு பறந்தேன்; அதாவது பாதி ஏற்றம் வரை. அங்கே மூன்றாம் கியர் கைவிட்டது. மிதிக்க மிதிக்க எஞ்சின் அலறுகிறது, சக்கரம் அசைந்து கொடுக்கவில்லை. நான் ஹார்ன் அடித்தேன். காரணமின்றி வைப்பரைப் போட்டேன். தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன், ஜஸ்டினின் மாதாவையும் சேர்த்து.

"எலே மக்கா, நெஞ்சுவலி எனக்கா, உனக்கா?" என்றான் ஜஸ்டின், வியர்வையில் நனைந்து.

"பேசாத கிடலே."

"என்னைச் சொமந்தோண்டு நடந்தாலே இதுக்குள்ள எத்திருப்ப."

ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்தேன். இதே மாதிரி பழைய பிக்கப்பில் வந்த ஓமானி ஒருவர் இறங்கி, சாவி திருப்புவதுபோல் கையைக் காட்டினார். இடத்தைக் காலி பண்ணு என்கிறார் என்று நினைத்து, எனக்குத் தெரிந்த அரபியில் "சதீக் மரீத்" என்று நோயாளி நண்பனைக் காட்டிக் கெஞ்சினேன். அவர் என்னை விலக்கி, தாமே ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி கியரை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். எஞ்சின் ஓட ஓடக் கியர்பெட்டிக் கம்பியை உருவினார். நுனி காய்ந்திருந்தது.

எஞ்சின் நின்றால் கியர்பெட்டியில் சுற்றும் ஆயிலெல்லாம் அடியில் இறங்கி, பொய்யாக உயரம் காட்டும். எங்கேயோ கசிந்து மணலில் போனது தெரியாமல், தினமும் காலையில் பக்தியோடு பார்த்து நிம்மதியடைந்திருக்கிறேன். அவர் தம் வண்டியிலிருந்த டின்னைக் கொண்டுவந்து ஊற்றினார். வண்டி முறுமுறுக்காமல் மூன்றுக்குப் போனது.

ஜஸ்டின் பிழைத்தான். டாக்டர் நெய்யாற்றின்கரைக்காரர். "குறச்சு நேரத்தே எத்தியிருந்நெங்கில் ஹார்ட்டு இத்ர கேடாவில்லாயிருந்நு," என்றார்; கொஞ்சம் முன்னதாக வந்து சேர்ந்திருந்தால் இதயம் இவ்வளவு கெட்டிருக்காதாம். அரபியில் சொல்லியிருந்தால் புரியாததுபோல் நின்றிருப்பேன். மலையாளத்தில் சொன்னதால் அதற்கும் வழியில்லை. தேறியதும் அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

இந்த விடுப்பில் பாறசாலையில் இறங்கியதிலிருந்து எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம், "எப்ப வந்த? எப்ப போற?" என்கிறார்கள். முதல் கேள்விக்குப் பதில் கேட்க யாரும் நிற்பதில்லை. பூவாருக்குப் போனேன். ஜஸ்டின் வாசலில் நாற்காலி போட்டு, சுற்றுலாப் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து நின்றதற்கே மூச்சு வாங்கியது. அவனும் கேட்டான்.

"எப்ப போற?"

"வியாழக்கிழம."

மறுபடி படகுகள் பக்கம் திரும்பினான். "எங்கிட்ட இப்ப ஆரும் கேக்கதில்லலே. நீ ஒருக்கா கேளு."

கேட்டேன். "எப்ப போற மக்கா?"

"அடுத்த மாசமாக்கும்," என்றான், டிக்கெட் எடுத்தவனைப்போல் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு.