மொந்தோனுக்குப் போன கதை

கடற்கரைக்குப் போக வேண்டும் என்று நான் வாய் திறந்து கேட்டது 2009ஆம் ஆண்டு. அதற்காக அந்த வருஷம் நான் வாங்கிய பேச்சை இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்கிறேன், ஒருத்தி வந்து கேட்கிறாள்: "என்ன, ஹொலிடே போறியளாம்? இந்த வருஷமோ?" அந்தக் கடைசிச் சொல்லில் அவள் வைத்த அழுத்தம் இருக்கிறதே! செத்தவீட்டுக்கு நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனதுபோல. "ஓம், இந்த வருஷம்தான்" என்றேன். அதற்குமேல் அவளோடு என்ன கதை?

நான் ஒன்றும் சும்மா இருந்தவள் அல்ல. ஏப்ரல் மாதம் முழுக்க, முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் ரெய்னர்ஸ் லேனில் ரயில் ஏறி, வெள்ளைக்காரனின் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்று, ஊரில் சண்டையை நிறுத்தச் சொல்லிக் கத்தியவள். அடுத்த நாள் இல்லத்துக் கிழவிகளுக்குக் 'குட் மோர்னிங்' சொல்லக்கூடக் குரல் வராது. அங்கே வந்த சுற்றுலாக்காரர்கள் எங்களைத் தாண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தைத்தான் படம் எடுத்தார்கள். ஒருவன் என்னைப் பார்த்து, கொஞ்சம் தள்ளி நில் என்று கையால் காட்டினான். படத்தில் நான் விழுகிறேனாம். அவனுடைய கையை முறித்திருக்க வேண்டும். நான் தள்ளி நின்றேன்.

மே மாதம் எல்லாம் முடிந்தது. முடிந்த பிறகுதான் எனக்குத் தொடங்கியது. என் சித்தியின் மகள் இரண்டு பிள்ளைகளோடு, சண்டை கடைசியாக முடிந்த அந்த ஒடுங்கின கடற்கரையில் இருந்தவள். முகாம் பட்டியல் ஒன்றிலும் அவர்களுடைய பெயர் இல்லை. அதனால் நான் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு வந்த படங்களையெல்லாம் பார்த்தேன். மணலில் வரிசையாகக் கிடத்தி, சேலையோ சாரமோ கையில் கிடைத்ததைக் கொண்டு முகத்தை மூடியிருப்பார்கள். மூடாத முகங்களில் தேடினேன். மூடிய முகங்களுக்குக் காலைப் பார்த்தேன். கால்களை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்த விசரி நான்.

பிறகு எந்தக் கடற்கரையைக் கண்டாலும் அதுதான். சுரங்க ரயில் படிக்கட்டில் ஒரு விளம்பரம், யாரோ ஒரு குடும்பம் மணலில் படுத்திருக்கிறது, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்குவேன். அப்போதுதான் எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. மனிதர்கள் வெயில் காய்வதற்காகப் படுத்திருக்கிற ஒரு கடற்கரையை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்துப் பார்த்து என் கண்ணுக்கு அதைத் திரும்பப் பழக்க வேண்டும். இல்லையென்றால் எனக்குத் தலை கழன்றுவிடும். இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஹொலிடே என்றேன். எல்லோரும் ஹொலிடே என்றே எடுத்துக்கொண்டார்கள்.

கடைத்தெருவில் பயண ஏஜென்சி ஒன்றின் வாசலில் சும்மா எடுத்துக்கொண்டு போகும் புத்தகம் கிடந்தது. மத்தியதரைக் கடலோரம், பார்க்க வேண்டிய ஊர்கள். பிரெஞ்சுப் பக்கம் நீஸ், வில்ஃபிரான்ஷ், மொந்தோன், எல்லை தாண்டினால் சான் ரேமோ, இன்னும் கிழக்கே கமோலி. இந்த ஊரில் எலுமிச்சை, அந்த ஊரில் மஞ்சள் வீடுகள், இங்கே குழந்தைகளுக்கு ஆழமில்லாத தண்ணீர். அந்தப் புத்தகத்தை நான் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். மொந்தோனில் நாலு இரவு போதும் என்றேன். என் மனுசன் சரி என்றார். நல்ல மனுசன்தான். ஆனால் ஒருவருக்கும் 'ஏலாது' என்று சொல்லத் தெரியாத மனுசன். அந்த வியாதிக்கு மருந்து கிடையாது.

"பிளேன் வேண்டாம், காரில போவம். சாமானும் கொண்டு போகலாம்" என்றார்.

அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். கடற்கரைக்கு என்ன சாமான்? ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஐரோப்பா என்பது நாடுகள் அல்ல, வீடுகள். பாரிஸ் என்றால் அவருடைய அக்கா வீடு. சுவிஸ் என்றால் தம்பி வீடு. ஒரு சொந்தக்காரரின் வாசலைத் தாண்டிச் சாப்பிடாமல் போவது கொலைக் குற்றம். ஒருவர் பயணம் போகிறார் என்று தெரிந்தால் மற்றவர் ஒரு பார்சல் கொடுத்து விடுவார். மாட்டேன் என்று சொல்ல முடியாது. இவர் செய்த பிழை, பாரிசுக்கு ஒரு போன் போட்டதுதான். அரை மணித்தியாலத்துக்குள் சுவிசுக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் புறப்பட்ட அன்று காருக்குள் தைத்த சட்டைகள், கல்யாண அல்பம் ஒன்று, பாரிசில் கொடுத்துவிடச் சொல்லி, யாரோ ஒருவருடைய வயதுக்கு வந்த மகளின் சாமத்தியவீட்டுக்கு ஐந்து பட்டுச்சேலை எல்லாம் இருந்தன. என் மகள், பதினாறு வயதுக்காரி, கால் வைக்க இடமில்லாமல் சம்மணம் கட்டிக்கொண்டு வந்தாள்.

பாரிசில் ஓர் இரவு என்று சொன்னது இரண்டு இரவாயிற்று. திங்கட்கிழமை காலை, நேரே தெற்குப் பக்கம் இறங்க வேண்டியது, இவருடைய அக்கா, என் மச்சாள், வாசலில் ஐஸ் நிரப்பிய ஒரு ரெஜிபோம் பெட்டியோடு நிற்கிறா. "விடிய வந்த மீன். விளைமீன், கணவாய், நண்டு எல்லாம் இருக்கு. தம்பி பாவம், அங்க மீன் விலைக்குப் பயந்து கோழியே தின்னுறான். இதையும் அந்தச் சாமத்தியவீட்டுச் சேலையளையும் நீங்கள் போற வழியில குடுத்திட்டுப் போங்கோவன்."

"மச்சாள், சுவிஸ் எங்களுக்குப் போற வழி இல்லை" என்றேன்.

"ஐயோ, கார்தானே! கொஞ்சம் சுத்திப் போறதுதானே!"

நான் இவரைப் பார்த்தேன். இவர் பெட்டியைப் பார்த்தார். "மீன் பழுதாப் போயிடும்" என்றார். அவ்வளவுதான், தீர்ப்பு வந்துவிட்டது. ஒரு பெட்டி மீனுக்கு இருந்த அவசரம் எனக்கு இல்லை. சுவிஸ் எல்லையில் அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பறித்துவிட வேண்டும் என்று நான் கும்பிடாத தெய்வம் இல்லை. அவன் சிரித்துக்கொண்டு கையைக் காட்டி அனுப்பிவிட்டான், பாழாய்ப்போனவன்.

சுவிசில் மீன் குழம்பு, மீன் பொரியல், நண்டுக் கறி. அந்த மணத்துக்கு அயலில் இருந்த நாலு தமிழ்க் குடும்பமும் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் அடுத்த நாள் தங்கள் வீட்டுக்கு வரச் சொன்னார்கள். ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு மற்ற வீட்டில் சாப்பிடாமல் போனால் அது வாழ்நாள் முழுக்க ஆறாது. செவ்வாயும் போயிற்று, புதனும் போயிற்று. மொந்தோனில் எங்களுக்கென்று விரித்த கட்டில் சும்மா கிடந்தது. எல்லா வீட்டிலும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே கதை: அங்கே என்ன நடந்தது, யார் பிழை, யார் துரோகி. கையில் தேத்தண்ணியோடு ஆளுக்கு ஆள் கத்தினார்கள். நான் குசினியில் கோப்பை கழுவினேன்.

புதன் பின்னேரம் தம்பிகாரன் சொன்னான்: "அண்ணை, சனிக்கிழமைதானே சாமத்தியவீடு. சேலையும் நீங்கள்தான் கொண்டு வந்தனீங்கள். நிண்டு போட்டே போங்கோ. கடல் எங்க ஓடப்போகுது?"

நான் இவரைக் கார் நிற்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கதவை அடித்துச் சாத்தினேன்.

"இஞ்சேருங்கோ, நான் ஹொலிடேக்கு வரேல்லை. கோதாரி ஹொலிடே! எனக்குக் கடற்கரையில ஆக்கள் உயிரோட படுத்திருக்கிறதைப் பாக்கவேணும். விளங்குதோ? உயிரோட! மூண்டு மாசமா நான் மணலில கிடந்த சவங்களையேதான் பாக்கிறன், நீங்கள் நித்திரை எண்டு நினைக்கிறியள், நான் அதையேதான் பாத்துக்கொண்டு கிடக்கிறன். உங்கட சொந்தமும் உங்கட மீனும் நாசமாப் போகட்டும்!"

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். "நீ இதை எனக்குச் சொல்லேல்லையே" என்றார்.

"நீங்கள் கேட்டனீங்களோ?"

வியாழன் விடிய நாங்கள் புறப்பட்டோம். தம்பிகாரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். இவர் அவனிடம், "ஏலாதடா, வெளிக்கிடுறம்" என்றார். கல்யாணம் கட்டி இருபது வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டது அன்றைக்குத்தான். சந்தோஷப்பட வேண்டும். எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது, மூன்று நாளுக்கு முன்னால் மச்சாளுக்குச் சொல்லியிருக்கலாமே என்று.

ஜெனோவா தாண்டியதும் ஒரு சுரங்கம், பிறகு ஒரு கீற்றுக் கடல், உடனே இன்னொரு சுரங்கம். நான் படித்து வைத்திருந்த ஊர்களில் சான் ரேமோ பலகையில் ஓர் அம்புக்குறியாக வந்து போயிற்று. கமோலி ஜெனோவாவுக்கு மற்றப் பக்கம், அதைக் காணவே இல்லை. நிற்பாட்டச் சொல்ல நேரம் இல்லை. வெள்ளிக்கிழமை காலை திரும்பிப் புறப்பட வேண்டும், சனிக்கிழமை வீடு திரும்பும் கப்பல். நாலு நாளில் எனக்கு மிஞ்சியது ஒரு பின்னேரம்.

மொந்தோன் புத்தகத்தில் இருந்த மாதிரியே இருந்தது. மலையில் படிபடியாக மஞ்சளும் செம்மஞ்சளுமாக வீடுகள், மேலே மாதா கோயில் கோபுரம், கீழே கடல். ஹோட்டலுக்கும் போகவில்லை. கார் நிறுத்த இடம் தேடி இவர் போக, நானும் மகளும் கீழே இறங்கினோம். கரையில் மணல் இல்லை, சாம்பல் நிறக் கல். அதன்மேல் துவாயை விரித்து வரிசையாக ஆட்கள்.

நான் மதிலோரம் நின்று பார்த்தேன். ஒரு மனுசன் வயிற்றைச் சொறிந்தான். ஒரு பெண் புரண்டு படுத்து மற்றப் பக்கத்தைக் காய வைத்தாள். ஒரு கிழவி தன் காலுக்குத் தானே எண்ணெய் பூசினாள். அசைந்தார்கள். எல்லோரும் அசைந்தார்கள். எனக்கு அழுகை வந்தது, அது நல்ல அழுகை. கோயில் வாசலில் கேட்டவளை இங்கே கொண்டுவந்து நிறுத்திக் காட்ட வேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் அந்தப் பிள்ளையைக் கண்டேன். மூன்று, நாலு வயது இருக்கும். மல்லாந்து படுத்திருந்தது, முகத்துக்கு மேலே வெள்ளைத் துவாய். பக்கத்தில் தாய் குப்புறப் படுத்துப் புத்தகம் வாசித்தாள். நான் அதன் காலைப் பார்த்தேன். அசையட்டும் என்று நின்றேன். அசையவில்லை. இப்போது அசையும், இப்போது அசையும் என்று நின்றேன். அந்தச் சின்னக் கால் அசையவே இல்லை.

நான் ஓடினது எனக்குத் தெரியாது. யாருடைய துவாயை மிதித்தேன், யாருடைய தண்ணீர்ப் போத்தலைத் தட்டினேன், தெரியாது. "எடு! முகத்தில இருந்து எடு! மூடாத, மூடாதயடி!" என்று தமிழில் கத்திக்கொண்டு அந்தத் துவாயைப் பிடித்து இழுத்துவிட்டேன். பிள்ளை முழித்து என்னைக் கண்டு வீரிட்டுக் கத்தியது. தாய் பாய்ந்து அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினாள். சுற்றிவரப் படுத்திருந்த அத்தனை பேரும் எழும்பி இருந்தார்கள்.

மகள் மூச்சிரைக்க வந்து எனக்கும் அவளுக்கும் நடுவில் நின்றாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பிரெஞ்சு ஒரு பாடம். தடக்கித் தடக்கி ஏதோ சொன்னாள். தாய் அழுகிற பிள்ளையின் முதுகைத் தடவியபடி அதைக் கேட்டாள். பிறகு என் முகத்தையும் கையில் நான் இன்னும் பிடித்திருந்த துவாயையும் பார்த்தாள். அவளுடைய குரல் கொஞ்சம் இறங்கியது. மகளிடம் ஏதோ கேட்டாள்.

"என்னடி சொன்னனீ?" என்றேன்.

"சொறி சொன்னன். அம்மா நியூஸ் பாத்துப் பாத்துச் சரியாப் பயந்து போனா எண்டு சொன்னன்."

"அதுக்கு என்னவாம்?"

மகள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "எந்த நியூஸ் எண்டு கேக்கிறா."

எந்த நியூசாம். அவள் நக்கலுக்குக் கேட்கவில்லை, அது எனக்குத் தெரிந்தது. நல்ல முகம். உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தொண்டை கிழியக் கத்தி, படத்தில் விழாமல் தள்ளி நின்று, ஒரு மாதம் முழுக்கத் தெருவில் கிடந்தோம். கப்பல் ஏறினால் அடுத்த கரையில் இருக்கிற நல்ல மனுசி ஒருத்தி, எந்த நியூஸ் என்கிறாள். நான் அந்தக் கல்லில் அப்படியே குந்திவிட்டேன்.

"சொல்லு" என்றேன் மகளிடம். "எல்லாத்தையும் சொல்லு. தொடக்கத்தில இருந்து சொல்லு."

மகள் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மகள் பிரெஞ்சில் ஒரு சொல்லைத் தொடங்கினாள், பாதியில் விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏலாதம்மா" என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "ஹொட்டேல் எங்க இருக்கு, பீச்சுக்கு எப்பிடிப் போறது எண்டு கேக்கத்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தவை."