ஏரிக்குக் காவல், கம்ப்யூட்டருக்கு ‘ஆம்’

பழவேற்காட்டு ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. எந்த நாள், எந்த இடம், யாருக்கு என்று ஊர் கூடிச் சீட்டுப் போடும். அதற்குப் பாடு என்று பெயர். முறை இல்லாதவன் ஒரு கழி ஊன்றினால் போதும், பத்துப் பேர் படகேறிப் போய், “இன்னா, யார கேட்டு கழி ஊனுன?” என்பார்கள்.

அந்த முறைப் பட்டியலை நோட்டில் எழுதுவது கேவலம் என்று சொல்லி, கம்ப்யூட்டரில் ஏற்றி, நோட்டைக் கிழித்துப் போட்ட மேதை நான்தான். பொன்னேரியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவன். என்னைவிடப் படித்தவர்கள் ஊரில் உண்டு. என் அளவுக்கு வாய் யாருக்கும் கிடையாது.

பட்டியலை அழகாக அச்சடிக்க இலவச எழுத்துரு ஒன்றை இறக்கினேன். ‘இந்த நிரல் உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா?’ என்றது திரை. என்னை யாரும் இவ்வளவு மரியாதையாக எதையும் கேட்டதில்லை. ‘ஆம்’ என்றேன். வாசலில் நின்றிருந்த வைரஸ் அந்த ஒரு சொல்லில் வீட்டுக்காரனாகிவிட்டது.

திரை முழுக்கச் சூதாட்ட விளம்பரம். விடுவேனா? டிஸ்க் மொத்தத்தையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். விளம்பரம் திரும்பி வந்தது. பட்டியல் வரவில்லை. மறுநாள் முகத்துவாரத்தில், இறால் ஓடுகிற இடத்தில், எங்கள் வீட்டு முறை.

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பொன்னேரிக்கு ஓடினேன். பழுது பார்ப்பவர் வேறு டிஸ்க் மாட்டினார். அதிலும் விளம்பரம்.

“டிஸ்க்குல இல்லபா. நீ குடுத்த பர்மிஷன வெச்சி மதர்போர்டு சிப்புக்குள்ள எறங்கிக்கிச்சி. சுவிட்ச் போட்டா விண்டோஸுக்கு முன்ன அதான் முழிச்சிக்கிது. மேல எத்தினி தபா தொடச்சாலும் கீழ குந்தினு கீது. சிப்பயே புச்சா எழுதணும்.”

“அப்ப பட்டியல் இன்னா ஆச்சிண்ணா?”

“வைரஸ் அத்த தொடவே இல்லியே. நீதான அழிச்ச?”

சாயங்காலம் ஊர் கூடியது. நான் “சிப்புல...” என்று ஆரம்பித்தேன். “கம்முனு குந்துடா,” என்றார் ஊர்த் தலைவர். ஒவ்வொருவரும் தன் முறையையும் அடுத்தவன் முறையையும் மனப்பாடமாகச் சொன்னார்கள். ஒருவர் தன்னுடையதை ஒரு நாள் முன்னே நகர்த்திப் பார்த்தார்; நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் முறையையும் சரியாகவே சொன்னார்கள். சொல்லிவிட்டு, பட்டியலைத் தொலைத்த வீடு என்று கடைசிக்குத் தள்ளினார்கள்.

“நைனா...” என்றேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. “உன்ன நம்பி நோட்ட குடுத்தானுங்க பாரு, அவனுங்கள சொல்லணும்.”

புது நோட்டு வாங்கி நானே எழுதினேன். ஓரிடத்தில் பிழை வந்தது, அடித்துத் திருத்தப் போனேன். தலைவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இரு. மாத்தலாமானு எல்லாரையும் கேளு.”

கேட்டேன். ஒவ்வொருவரும் நோட்டை வாங்கிப் பார்த்த பிறகுதான் தலையாட்டினார்கள்.